பேசாத கங்காணி: ராபர்ட் ஓவன் என்ற முதலாளியின் கதை



வியாபாரம் கொஞ்சம் படுத்துவிட்டால் ஒரு முதலாளி முதலில் எதில் கை வைப்பார்? நம்மில் வேலைக்குப் போகிற எல்லாருக்கும் பதில் தெரியும். முதலில் ஓவர்டைம் போகும். அடுத்து போனஸ் போகும். அதற்கும் மேலே போனால் ஆள் குறைப்பு. கணக்குப் புத்தகத்தில் சம்பளம்தான் கண்ணுக்குத் தெரிகிற பெரிய செலவு. அதை வெட்டினால் அந்த மாதமே லாபம் கூடித் தெரியும். வேற வழியில்லப்பா, பிசினஸ்னா அப்படித்தான் என்று நாமும் சொல்லிப் பழகிவிட்டோம்.

இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் இதை நேர்மாறாகச் செய்து பார்த்தார். ஆலை ஓடவில்லை, ஒரு முழம் நூல்கூட விற்கவில்லை. ஆனாலும் நான்கு மாதம் தொழிலாளிக்கு முழுச் சம்பளம் கொடுத்தார். அவர் திவாலாகிவிடவில்லை. நாட்டிலேயே பேர்போன ஆலைக்காரராக ஆனார். அவர்தான் ராபர்ட் ஓவன். பள்ளிக்கூடச் சரித்திரப் பாடத்தில் இவர் பெயரை ஒரு வரியில் படித்துவிட்டுத் தாண்டியிருப்போம். இந்த மாதம் அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கடைப்பையன்

ராபர்ட் ஓவன் 1771 மே 14-ஆம் நாள் வேல்ஸ் நாட்டில் நியூடவுன் என்ற சிற்றூரில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் ஆறாவது பிள்ளை. அப்பா குதிரைச் சேணம் செய்பவர். இரும்புச் சாமான் கடையும் வைத்திருந்தார், ஊர்த் தபாலையும் கவனித்துக்கொண்டார். பையன் படிப்பில் கெட்டிக்காரன். ஏழு வயதிலேயே ஆசிரியருக்கு உதவியாகச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டான். ஆனால் குடும்பத்தில் வசதி அவ்வளவுதான். பத்து வயதில் பள்ளிப்படிப்பு முடிந்துபோனது. அண்ணன் இருந்த லண்டனுக்குப் புறப்பட்டான்.

அங்கிருந்து ஸ்டாம்ஃபோர்ட் என்ற ஊரில் மெக்கஃபாக் என்பவருடைய துணிக்கடையில் வேலை கிடைத்தது. மெக்கஃபாக் நல்ல முதலாளி. நல்ல சரக்கு, நியாயமான விலை, வேலைக்காரப் பையனை வீட்டுப் பிள்ளை மாதிரி நடத்துவது என்று இருந்தவர். வீட்டில் நிறையப் புத்தகம் இருந்தது. பையன் அதையெல்லாம் படித்துத் தீர்த்தான்.

அடுத்து லண்டன் பாலத்துக்கு அருகில் ஒரு பெரிய துணிக்கடை. இங்கே நிலைமையே வேற. சீசன் நேரத்தில் இரவு பத்து மணிவரைக்கும் வாடிக்கையாளர் கூட்டம். அவர்கள் போன பிறகு கலைந்து கிடக்கிற துணியையெல்லாம் மடித்து அடுக்கி முடிக்கும்போது சில நாள் இரவு இரண்டு மணி ஆகிவிடும். மாடிப்படி ஏற முடியாமல் கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் படுத்தால், காலையில் சீக்கிரமே எழுந்து மறுபடியும் கடைக்கு வர வேண்டும். அளவுக்கு மேலே வேலை வாங்கினால் மனுஷ உடம்பு என்ன ஆகும் என்பதை ஓவன் சொந்த உடம்பிலேயே படித்துக்கொண்டார். பிற்காலத்தில் வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லி நாடு முழுக்கப் போராடியவர் இவர். அதற்கு விதை இங்கேதான் விழுந்திருக்க வேண்டும்.

இருபது வயதில் ஐந்நூறு பேருக்கு மேலாளர்

பிறகு மான்செஸ்டர் போனார். அப்போது அந்த ஊரில் பஞ்சாலைகள் நாளுக்கொன்றாய் முளைத்துக்கொண்டிருந்தன. அண்ணனிடம் 100 பவுண்ட் கடன் வாங்கி, நூல் நூற்கும் இயந்திரம் செய்யும் தொழிலில் கூட்டாளியாகச் சேர்ந்தார். அது நெடுநாள் நீடிக்கவில்லை. அந்தச் சமயத்தில் டிரிங்க்வாட்டர் என்ற பணக்காரர் தன் ஆலைக்கு மேலாளர் தேடிக்கொண்டிருந்தார். சுமார் 500 பேர் வேலை செய்கிற ஆலை. இருபது வயதுகூடச் சரியாக முடியாத ஓவன் நேரே போய் நின்று, வருஷத்துக்கு 300 பவுண்ட் சம்பளம் கேட்டார். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. டிரிங்க்வாட்டருக்கு ஆச்சரியம், ஆனால் வேலையைக் கொடுத்துவிட்டார்.

புது மேலாளர் வந்ததும் என்ன செய்வார்? நாலு பேரைத் திட்டித் தன் அதிகாரத்தைக் காட்டுவார். ஓவன் அப்படிச் செய்யவில்லை. முதல் ஆறு வாரம் ஆலையைச் சுற்றிச் சுற்றி வந்தார். காலையில் முதல் ஆளாக வந்து, மாலையில் கடைசி ஆளாகப் போனார். யாருக்கும் பெரிதாக உத்தரவு போடவில்லை. எதற்கும் சுருக்கமாக ஆம், இல்லை என்று மட்டும் பதில். எல்லாவற்றையும் பார்த்துப் புரிந்துகொண்ட பிறகுதான் மாற்றத்தைத் தொடங்கினார். கொஞ்ச நாளில் அந்த ஆலையின் நூல் தரத்துக்குப் பெயர்பெற்றது.

நியூ லனார்க்

ஸ்காட்லாந்தில் கிளைட் ஆற்றின் அருவிகளுக்குப் பக்கத்தில் நியூ லனார்க் என்று ஓர் ஆலைக் கிராமம். 1780-களில் டேவிட் டேல் என்ற வியாபாரி தொடங்கியது. ஆற்று நீரின் வேகத்தில்தான் இயந்திரங்கள் ஓடின. ஓவன் வியாபார விஷயமாக கிளாஸ்கோ போனபோது டேலின் மகள் கரோலினைச் சந்தித்தார். ஆலையைப் பார்த்தார்; பிடித்துப்போனது. கரோலினையும் பிடித்துப்போனது. 1799-ல் ஓவனும் அவருடைய கூட்டாளிகளும் 60,000 பவுண்ட் விலைபேசி ஆலையை வாங்கினார்கள். அதே ஆண்டு கல்யாணமும் நடந்தது. 1800 ஜனவரி முதல் நாள் ஓவன் நிர்வாகத்தைக் கையில் எடுத்தார். அப்போது அவருக்கு வயது 28.

அந்தக் கிராமத்தை நினைத்துப் பார்ப்பது நமக்கு ஒன்றும் கஷ்டமில்லை. நம்ம தாத்தா பாட்டி இருந்த தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வேலையும் வீடும் கம்பெனியுடையது. கடையும் கம்பெனியைச் சார்ந்தது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வேண்டுமா, அதுவும் துரை மனசு வைத்தால்தான். இங்கே ரப்பர், அங்கே பஞ்சு. இங்கே லயம், அங்கே கல் கட்டடத்தில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. அவ்வளவுதான் வித்தியாசம்.

சுமார் 2,000 பேர் அங்கே இருந்தார்கள். அதில் ஏறக்குறைய 500 பேர் சின்னப் பிள்ளைகள். எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் இருந்த அநாதை விடுதிகளிலிருந்து ஐந்து, ஆறு வயதிலேயே கொண்டுவரப்பட்டவர்கள். டேல் கெட்ட மனுஷன் இல்லை. மற்ற ஆலைகளோடு பார்த்தால் பிள்ளைகளுக்கு நல்ல சாப்பாடும் துணியும் கொடுத்தவர். ஆனாலும் காலை ஆறு மணியிலிருந்து மாலை ஏழு மணிவரை வேலை. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம்! களைத்துப்போன பிள்ளைக்குப் பாடம் எப்படி ஏறும்?

பெரியவர்கள் பக்கம் குடி, சண்டை, ஆலைச் சாமான் திருட்டு. புதிதாக வந்த முதலாளி மீது துளியும் நம்பிக்கை கிடையாது. வேறு நாட்டுக்காரன், பேச்சும் வேற மாதிரி, நம்மகிட்ட இன்னும் கொஞ்சம் பிழிஞ்செடுக்கத்தான் வந்திருக்கான் என்றே நினைத்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த முதலாளிகள் எல்லாரும் அப்படித்தானே இருந்தார்கள்!

கடையும் கட்டையும்

ஓவன் முதலில் கடையைச் சரிசெய்தார். அதுவரை கிராமத்துக் கடைகளில் மட்டமான சரக்கு, கூடின விலை, எல்லாம் கடன். சம்பளம் வந்ததும் கடனுக்கே போய்விடும். தோட்டத்துக் கடைப் புத்தகம் பார்த்த குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓவன் மொத்தமாக நல்ல சரக்கை வாங்கி, அடக்க விலைக்குக் கொஞ்சமே கூட்டி விற்றார். சம்பளம் ஏற்றாமலேயே தொழிலாளி கையில் காசு மிஞ்ச ஆரம்பித்தது. கடையில் வந்த சிறிய லாபமும் முதலாளி பைக்குப் போகவில்லை. பள்ளிக்கூடச் செலவுக்குப் போனது.

வீடுகளுக்கு மேல்மாடி கூட்டி இடத்தைப் பெரிதாக்கினார். தெருவில் குவிந்துகிடந்த குப்பையை அள்ள ஏற்பாடு செய்தார். வீடு சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு குழுவும் வந்தது. பெண்களுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. மூட்டைப்பூச்சி பிடிக்கிறவங்க வந்துட்டாங்க என்று கேலி செய்து கதவைச் சாத்தினார்களாம். நியாயம்தானே, நம்ம வீட்டுக்குள்ளே யாரோ வந்து தூசி பார்த்தால் நமக்கும் கோபம் வராதா? கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சரியானது.

ஆலைக்குள் அவர் கொண்டுவந்த ஒரு விஷயம் ரொம்பப் பேசப்பட்டது. ஒவ்வொரு தொழிலாளி வேலை செய்யும் இடத்துக்கும் மேலே ஒரு சின்ன மரக்கட்டை தொங்கும். நான்கு பக்கம், நான்கு நிறம். கறுப்பு என்றால் நேற்று வேலை மோசம்; நீலம் என்றால் சுமார்; மஞ்சள் என்றால் நன்று; வெள்ளை என்றால் மிக நன்று. நம்ம பாஷையில் சொன்னால், பேசாத கங்காணி. அடி கிடையாது, திட்டு கிடையாது. மேற்பார்வையாளர் போட்ட நிறம் தப்பு என்று தோன்றினால் தொழிலாளி நேரே ஓவனிடமே முறையிடலாம். ஓவன் தினமும் ஆலையைச் சுற்றி வருவார். கட்டையைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். ஆரம்பத்தில் கறுப்பு நிறையத் தெரிந்தது. வருஷங்கள் போகப் போக மஞ்சளும் வெள்ளையும் கூடின.

அநாதை விடுதிப் பிள்ளைகளை எடுப்பதை நிறுத்தினார். பத்து வயதுக்குக் கீழே யாரையும் ஆலை வேலைக்கு வைக்கக்கூடாது என்று முடிவெடுத்தார். தொழிலாளி சம்பளத்தில் அறுபதில் ஒரு பங்கு பிடித்து, நோய்க்கும் முதுமைக்கும் உதவ ஒரு நிதி நடத்தப்பட்டது. இன்றைக்கு நாம் இபிஎஃப், சொக்சோ, சிபிஎஃப் என்று சாதாரணமாகச் சொல்லும் விஷயங்களுக்கு அந்தக் காலத்தில் பெயரே கிடையாது.

நான்கு மாதம்

இவ்வளவு செய்தும் தொழிலாளர்கள் முழுசாக நம்பவில்லை. நல்லா நடிக்கிறார், இருக்கட்டும் பார்ப்போம் என்ற நினைப்பு. அதற்கு ஒரு சோதனை வந்தது.

அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் தகராறு முற்றி, அமெரிக்கா தன் துறைமுகங்களிலிருந்து சரக்கு வெளியே போகத் தடை போட்டது. பஞ்சு விலை தாறுமாறாக ஏறியது. அந்த விலைக்குப் பஞ்சு வாங்கி நூல் நூற்றால் நஷ்டம். பல ஆலைக்காரர்கள் இயந்திரத்தை நிறுத்தினார்கள், ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஓவனும் இயந்திரத்தை நிறுத்தினார். ஆட்களை அனுப்பவில்லை. இயந்திரங்களைத் துடைத்துச் சுத்தமாக, ஓடத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், அது போதும் என்றார். முழுச் சம்பளம். இப்படியே நான்கு மாதம். 7,000 பவுண்டுக்கு மேலே செலவாயிற்று. ஒருத்தர் சம்பளத்திலும் ஒரு பென்னிகூடக் குறையவில்லை.

இதையும் நம்ம சரித்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1930-களின் தொடக்கத்தில் உலகமே பொருளாதார நெருக்கடியில் சிக்கி ரப்பர் விலை சரிந்தபோது, மலாயாத் தோட்டங்களில் சம்பளம் வெட்டப்பட்டது. ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் வேலை இல்லை என்று கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். காட்டை அழித்து மரம் நட்டவர்கள் அவர்கள். விலை ஏறியபோது லாபம் லண்டன் பங்குதாரருக்கு; விலை இறங்கியபோது நஷ்டம் பால்மரம் வெட்டியவருக்கு. ஓவன் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது இப்போது நமக்குப் புரியும்.

அந்த நான்கு மாதத்துக்குப் பிறகு நியூ லனார்க் மாறிப்போனது. சந்தேகம் போய்விட்டது. திருட்டு குறைந்தது, குடி குறைந்தது, வேலை தானாகச் சீரானது. 7,000 பவுண்டில் அவர் வாங்கியது நம்பிக்கை.

கூட்டாளிகளோடு மல்லுக்கட்டு

இதோடு கதை சுபம் என்று நினைத்தால் அதுதான் இல்லை. ஓவன் தனி முதலாளி இல்லை. பணம் போட்ட கூட்டாளிகள் இருந்தார்கள். ஆலை நல்ல லாபத்தில்தான் ஓடியது. ஆனாலும் பள்ளிக்கூடம் கட்ட வேண்டும், வீடு கட்ட வேண்டும் என்று ஓவன் கேட்டபோது அவர்களுக்கு எரிச்சல். அந்தப் பணத்தைப் பிரிச்சுக் கொடுத்தா எங்க பங்கு கூடுமே என்ற கணக்கு. நாம பஞ்சாலை நடத்த வந்தோமா, தர்மசத்திரம் நடத்த வந்தோமா என்ற வாதம்.

1809-ல் ஓவன் அவர்களிடம் ஒரு விலை வைத்தார்: 84,000 பவுண்ட். அந்த விலைக்கு நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நான் எடுத்துக்கொள்கிறேன். அவர்கள் விற்றுவிட்டு விலகினார்கள். 60,000-க்கு வாங்கிய ஆலை பத்து வருஷத்தில் 84,000 ஆகியிருந்தது. இதையும் கவனியுங்கள், தொழிலாளியைக் கவனித்ததால் ஆலை மதிப்பு குறையவில்லை.

புதுக் கூட்டாளிகள் வந்தார்கள். அவர்கள் முன்னவர்களைவிட மோசம். பள்ளிக்கூட வேலையை நிறுத்தச் சொன்னார்கள். முட்டல் முற்றி ஓவன் மேலாளர் பொறுப்பை விட்டார். ஆலை ஏலத்துக்கு வந்தது. அவர்கள் ஒரு தந்திரமும் செய்தார்கள். ஓவன் ஆலையைக் கெடுத்துவிட்டார், அது 40,000 பவுண்ட்கூடப் பெறாது என்று ஊரெல்லாம் பேசிவிட்டார்கள். வேறு யாரும் வாங்க வரமாட்டார்கள், நாமே மலிவாக அடித்துவிடலாம் என்ற எண்ணம்.

ஓவன் அந்த நேரத்தில் லண்டனில் இருந்தார். புதிய சமுதாயப் பார்வை என்ற தன் கட்டுரைகளை அச்சிட்டுக்கொண்டே, வேறு விதமான கூட்டாளிகளைத் தேடினார். அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான். போட்ட முதலுக்கு வருஷம் நூற்றுக்கு ஐந்து எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே வருகிற லாபம் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய நல்வாழ்வுக்கும். இதற்கு ஒப்புக்கொண்டு ஆறு பேர் வந்தார்கள். தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தம் ஒருவர். மருந்து வியாபாரி வில்லியம் ஆலன் இன்னொருவர்.

1813-ஆம் ஆண்டின் கடைசி நாள், கிளாஸ்கோவில் ஏலம். பழைய கூட்டாளிகள் ஜெயித்துவிடுவோம் என்ற தெம்பில் விருந்துக்குக்கூட ஏற்பாடு செய்துவிட்டார்கள். ஏலம் ஏறியது. அவர்கள் ஏற்ற ஏற்ற, ஓவன் தரப்பு நூறு பவுண்ட் கூட்டிக் கூட்டிக் கேட்டது. 40,000 பெறாது என்று சொன்னவர்களே 1,14,000 வரைக்கும் போனார்கள். இன்னொரு நூறு கூட்டி 1,14,100 பவுண்டுக்கு ஓவன் எடுத்தார். கெட்டுப்போன ஆலைக்கா இவ்வளவு அடிபிடி? ஓவன் எழுதி வைத்த கணக்குப்படி, முந்தின நான்கு வருஷத்தில் முதலுக்கு நூற்றுக்கு ஐந்து போக 1,60,000 பவுண்ட் லாபம் வந்திருந்தது.

செய்தி கிராமத்துக்கு வந்தது. வீட்டு ஜன்னல்களில் விளக்கேற்றினார்கள். ஓவன் வண்டி ஊரை நெருங்கியபோது தொழிலாளர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, தாங்களே வண்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். 13 வருஷத்துக்கு முன்னால் அவர் முகத்தைக்கூட நம்பாதவர்கள் இவர்கள்.

அடியில்லாத பள்ளிக்கூடம்

1816 ஜனவரி முதல் நாள், அவர் வெகுநாள் கனவு கண்ட கல்விக்கூடம் திறக்கப்பட்டது. நடக்கப் பழகிய குழந்தையிலிருந்து அங்கே இடம் உண்டு. பிரிட்டனில் சின்னக் குழந்தைகளுக்கென்று நடந்த முதல் பள்ளி இதுதான் என்று சொல்வார்கள். அடிக்கக்கூடாது, மிரட்டக்கூடாது என்பது முதல் விதி. பாட்டு, ஆட்டம், படங்கள், பெரிய வரைபடங்கள், வெளியே போய்ச் செடிகொடி பார்ப்பது என்று பாடம் நடந்தது. ஆலை வேலையை முடித்த பெரியவர்களுக்கு மாலை வகுப்பு. ஆலையில் உண்மையான வேலை நேரம் ஒரு நாளைக்குப் பத்தே முக்கால் மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. நமக்கு அது அதிகம். அன்றைக்கு மற்ற ஆலைகளில் பதின்மூன்று, பதினான்கு மணி நேரம்.

மற்ற ஆலைக்காரர்களுக்கு அவர் சொன்ன கருத்து ரொம்ப எளிமையானது. இரும்பு இயந்திரத்தைத் துடைத்து எண்ணெய் போட்டுப் பாதுகாக்கிறீர்கள்; அதனால் லாபம் என்று உங்களுக்குத் தெரிகிறது. அதைவிட எத்தனையோ மடங்கு நுட்பமான மனித உடலையும் மனத்தையும் மட்டும் ஏன் கவனிக்காமல் விடுகிறீர்கள்? அப்படிக் கேட்டவர் வெறும் பேச்சாளர் இல்லை, லாபக் கணக்கைக் கையில் வைத்திருந்தவர். அதனால்தான் ரஷ்ய இளவரசர் நிக்கோலஸ் உட்பட ஆயிரக்கணக்கானவர்கள் நியூ லனார்க்கை நேரில் பார்க்க வந்தார்கள்.

பிள்ளைகளின் வேலை நேரத்தைச் சட்டத்தால் கட்டுப்படுத்த வேண்டும் என்று 1815-லிருந்து அலைந்தார். 1819-ல் சட்டம் வந்தது. ஆனால் அவர் கேட்டதில் பாதிகூட இல்லை. பஞ்சாலைக்கு மட்டும், ஒன்பது வயதுக்குக் கீழே வேலை கூடாது, பதினாறு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பன்னிரண்டு மணி நேரம். சரியாக நடக்கிறதா என்று பார்க்க அதிகாரிகளே கிடையாது. ஆலை முதலாளிகள் நாடாளுமன்றத்தில் போட்ட முட்டுக்கட்டை அப்படி.

தோல்வியும் குறையும்

ஒரு மனிதரைப் புகழ்வது மட்டும் வாழ்க்கை வரலாறு ஆகாது. ஓவனிடம் குறைகளும் இருந்தன. தொழிலாளிக்கு எல்லாம் கொடுத்தார். ஆனால் முடிவெடுக்கும் இடத்தில் அவர்களுக்கு நாற்காலி கொடுக்கவில்லை. அப்பா பிள்ளையைக் கவனிப்பது மாதிரி கவனித்தார். பிள்ளைக்கு வயது வந்துவிட்டது என்பதை அப்பாக்கள் பலர் லேட்டாகத்தானே ஒத்துக்கொள்கிறார்கள்! இன்னொன்று, நியூ லனார்க்கில் நூற்ற பஞ்சில் பெரும்பகுதி அமெரிக்காவில் அடிமைகள் பறித்தது. ஆலைக்குள் இருந்த மனிதர்கள்மேல் விழுந்த வெளிச்சம், அந்தப் பஞ்சு வயல்வரைக்கும் போகவில்லை.

பிற்பாடு, பள்ளியில் சொல்லிக்கொடுப்பது பற்றி ஆலனோடு கருத்து வேறுபாடு முற்றியது. ஓவன் மெல்ல நியூ லனார்க்கை விட்டு விலகினார். 1825-ல் அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் ஒரு கிராமத்தையே வாங்கி, நியூ ஹார்மனி என்ற பெயரில் எல்லாரும் சமமாக வாழும் ஊர் ஒன்றை ஆரம்பித்தார். யார் வேண்டுமானாலும் வரலாம் என்று கதவைத் திறந்துவிட்டார். பேச வந்தவர்கள் அதிகம், மண்வெட்டி பிடிக்க வந்தவர்கள் குறைவு. நியூ லனார்க்கில் தினமும் ஆலையைச் சுற்றி வந்த அதே ஓவன், இங்கே பல மாதம் ஊரிலேயே இல்லை. 1827-க்குள் அது கலைந்துபோனது. அவர் சொத்தில் பெரும்பகுதி அதோடு போயிற்று.

இதிலும் ஒரு பாடம் இருக்கு. நல்ல மனசு மட்டும் போதாது. கணக்கு வேண்டும், ஒழுங்கு வேண்டும், முதலாளி பக்கத்திலேயே இருக்க வேண்டும். நியூ லனார்க்கில் மூன்றும் இருந்தது.

பணம் போனபிறகும் அவர் ஓயவில்லை. தொழிற்சங்கம், கூட்டுறவு என்று கடைசிவரை அலைந்தார். 87 வயதில், 1858 நவம்பர் 17 அன்று, தான் பிறந்த அதே நியூடவுனில் கண்ணை மூடினார்.

நம்ம வாசல்வரை வந்த விதை

1844-ல் இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் 28 தொழிலாளர்கள் சேர்ந்து, சிறுகச் சிறுகக் காசு போட்டு ஒரு கடை திறந்தார்கள். கலப்படமில்லாத சரக்கு, லாபத்தில் வாங்குகிறவருக்கே பங்கு. அவர்களில் சிலர் ஓவனின் கருத்தைப் பின்பற்றியவர்கள். ஓவன் தொழிலாளிக்குக் கடை வைத்துக் கொடுத்தார். இவர்கள் தாங்களே முதலாளி ஆனார்கள். ஓவன் விட்ட இடத்தை இவர்கள் நிரப்பினார்கள். கூட்டுறவு இயக்கம் இங்கிருந்துதான் உலகமெங்கும் பரவியது. 1904-ல் சென்னைத் திருவல்லிக்கேணியில் கூட்டுறவுக் கடை வந்தது. 1973-ல் சிங்கப்பூர் தோ பாயோவில் தொழிற்சங்கத்தின் முதல் பேரங்காடி வந்தது.

மலேசியாவில் நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்று உண்டு. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுக் கிளம்பியபோது, பல தலைமுறையாக அங்கேயே வாழ்ந்த நம் மக்கள் வேலையும் வீடும் இழந்து தெருவுக்கு வந்தார்கள். அப்போது துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளியிடம் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் திரட்டி, 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். பால்மரம் வெட்டியவர்களே தோட்டத்தை வாங்கினார்கள். லண்டனில் இருப்பவருக்குத் தோட்டம் ஒரு கணக்கு வரி. பெரட்டுக் களத்தில் நின்றவருக்கு அதுதான் வாழ்க்கை. யார் கையில் இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் முடிவும் இருக்கும்.

இளைஞர்களே, இதைப் படிக்கிற உங்களில் சிலர் நாளைக்கு முதலாளி ஆகப்போகிறீர்கள். பெரிய கம்பெனிதான் என்றில்லை. ஒரு சாப்பாட்டுக் கடை, ஒரு கார் வொர்க்ஷாப், மூன்று பேர் வேலை செய்யும் அச்சகம், லாரி இரண்டு வைத்து ஓட்டும் தொழில், எதுவாகவும் இருக்கலாம். ஒரு மாதம் வியாபாரம் இறங்கும். உங்கள் கையில் கணக்குப் புத்தகம் இருக்கும். மேசைக்கு அந்தப் பக்கம் உங்களிடம் வேலை செய்கிற ஒரு தம்பி நிற்பான். வீட்டு வாடகை கட்ட வேண்டியவன், அம்மாவுக்கு மருந்து வாங்க வேண்டியவன். அவன் சம்பளத்தை வெட்டினால் அந்த மாதக் கணக்கு சரியாகிவிடும். அடுத்த வருஷம் அவன் உங்களோடு இருப்பானா, இருந்தாலும் மனசு வைத்து வேலை செய்வானா என்பதைக் கணக்குப் புத்தகம் சொல்லாது.

எல்லாராலும் நான்கு மாதம் முழுச் சம்பளம் கொடுக்க முடியாது, அது உண்மைதான். ஆனால் வெட்டுவதற்கு முன்னால் வேறு எதையெல்லாம் வெட்டலாம் என்று யோசிக்க முடியும். நிலைமையை மறைக்காமல் உட்கார்ந்து பேச முடியும். முதல் வெட்டைத் தன் பங்கிலேயே போட்டுக்கொள்ள முடியும்.

கிளைட் ஆற்றங்கரையில் அந்த ஆலைகள் 1968 வரை ஓடின. இன்றைக்கும் கட்டடங்கள் அப்படியே நிற்கின்றன. 2001-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தொங்கிய மரக்கட்டைகளில் ஒன்றிரண்டை இப்போதும் பார்க்கலாம். தொழிலாளிக்குத் தொங்கவிட்ட அந்தக் கட்டையை ஒரு நாள் நம் நாற்காலிக்கு மேலே தொங்கவிட்டுப் பார்ப்போமே. நம்மிடம் வேலை செய்கிறவர்கள் நமக்கு எந்த நிறத்தைத் திருப்பி வைப்பார்கள்?